காலுக்கு ராசி கிடையாது

பெனால்டி அடிக்கப் போகிற பிள்ளை சாமி கும்பிடலாமா என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. தாராளமாகக் கும்பிடலாம். எதைக் கேட்டுக் கும்பிடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வடமதுரைக்கு வெளியே ஒரு செம்மண் பொட்டலில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக் கொடுக்கிறேன். நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறவர்களின் பிள்ளைகள், அய்யலூர் சந்தையில் ஆடு பிடித்து விற்கிறவர்களின் பிள்ளைகள், தோட்டக்காட்டுப் பிள்ளைகள், திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து பஸ் ஏறி வருகிற பையன்கள் என்று எல்லாரும் உண்டு. பெனால்டிக்குப் பந்தை வைத்ததும் ஒருத்தி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஒருவன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்வான். இன்னொருவன் உதட்டுக்குள்ளேயே பிஸ்மில்லா சொல்வான். யாரையும் நான் தடுத்ததில்லை.

சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் ஆடித் திருவிழா நடந்துகொண்டிருந்த சமயம். நாங்கள் டை-பிரேக்கர் பழகிக்கொண்டிருந்தோம். பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டாள்: “சார், நானும் கும்பிட்டுத்தான் அடிக்கிறேன். அங்க நிக்கிற கோலியும் கும்பிட்டுத்தான் நிக்கிறா. பெருமாள் யாரு பக்கம் நிப்பாரு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. போருக்குப் போகிற இரண்டு ராஜாக்களும் ஒரே தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனால் அந்தத் தெய்வம் என்ன செய்யும் என்பதுதான் அவள் கேட்டது. அன்றைக்கு அவளிடம் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

2023 ஜூலை 4-ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் சாஃப் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியாவும் குவைத்தும் 1-1 என்று சமமாக முடித்து டை-பிரேக்கருக்குப் போயின. ஐந்து ஐந்து அடித்த பிறகும் 4-4. ஆறாவதாக நம் மகேஷ் சிங் கோல் போட்டார். குவைத்தின் ஹஜியா அடித்ததை குர்பிரீத் சிங் பாய்ந்து தடுத்தார். கோப்பை நமக்கு. கண்டீரவாவில் இருந்த அத்தனை ஆயிரம் பேரும் அவரவர் தெய்வத்தைக் கூப்பிட்டிருப்பார்கள். குவைத்துக்காரர்களும் இறைவனைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அன்று ஒரு கூட்டத்தின் வேண்டுதல் ஏற்கப்பட்டது, இன்னொரு கூட்டத்தின் வேண்டுதல் தள்ளப்பட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோல் வேண்டும் என்று கேட்பது, எதிரே நிற்கிற இன்னொரு வீட்டுப் பிள்ளை தோற்க வேண்டும் என்று கேட்பதுதான். அதைக் கேட்டு அதன்படி செய்கிற தெய்வம் கட்சிக்காரராகிவிடும். அப்படிக் கேட்பதற்குச் சிபாரிசு என்று பெயர். வழிபாடு வேறு.

அப்படியென்றால் எதைக் கேட்பது? அதற்கு முதலில் பெனால்டி என்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

கோலுக்கு அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பந்து வைக்கிற புள்ளி 12 கஜ தூரத்தில், ஏறக்குறைய 11 மீட்டரில் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து கோட்டைத் தொட 0.4 நொடி போதும். பந்து போகிற திசையைப் பார்த்து, புரிந்துகொண்டு, உடம்பைத் தூக்கிப் பாய்வதற்குக் கோலிக்கு அந்த நேரம் போதாது. அதனால் பெரும்பாலும் உதைக்கு முன்பே அவள் ஒரு பக்கத்தைத் தீர்மானித்துவிடுகிறாள். உதைக்கிறவளும் கோலி எந்தப் பக்கம் பாய்வாள் என்று தெரியாமலேயே தீர்மானிக்கிறாள். தெரிந்துகொள்ள முடியாத ஒன்றின்மேல் இரண்டு பேரும் ஒரே கணத்தில் முழு உடம்பையும் வைக்கிறார்கள். இதில் அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் நம்பிக்கைதான் இருக்கிறது. ஆட்டத்தில் வேறெந்த இடத்திலும் இது இவ்வளவு பச்சையாகத் தெரிவதில்லை.

இந்த விதியைக் கொண்டுவரச் சொன்னவர் வில்லியம் மெக்ரம். அயர்லாந்தின் ஆர்மா வட்டாரத்தில் மில்ஃபோர்டு என்கிற மில் ஊர்க்காரர், லினன் மில் முதலாளியின் மகன். அவரே ஒரு கோல்கீப்பர் என்பதுதான் விசேஷம். கோல் விழப் போகிற நேரத்தில் வேண்டுமென்றே காலை வாரிவிடுகிற அநியாயத்தைப் பார்த்துச் சகிக்காமல், தனக்கே பாதகமான ஒரு விதியை அவர் 1890-இல் முன்வைத்தார். கனவான்கள் ஏமாற்ற மாட்டார்கள், இது எங்களுக்கு அவமானம் என்று இங்கிலாந்தில் எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் 1891-இல் விதி வந்துவிட்டது. நூல் மில் சங்கு கேட்டு வளர்கிற எங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு சொந்தம் தெரியும்.

இனி, பெருமாள் யார் பக்கம் என்பதற்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து திருச்சி சாலையில் நேராகப் போனால் ஸ்ரீரங்கம். அங்கே வேரூன்றிய வைணவத்தில் இதே கேள்வி வேறு உருவத்தில் சில நூற்றாண்டுகளாகப் பேசப்பட்டிருக்கிறது. கடவுள் நம்மைக் காப்பாற்ற நம் பங்கு ஏதாவது வேண்டுமா? குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிடி விட்டால் விழும். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய் வாயில் கவ்விக்கொண்டு போகிறது. வேதாந்த தேசிகர் வழியில் வந்த வடகலையார் குரங்குக் குட்டியை எடுத்துக்காட்டினார்கள். பிள்ளை லோகாசாரியர் வழியில் வந்த தென்கலையார் பூனைக்குட்டியை எடுத்துக்காட்டினார்கள். முயற்சி முதலா, அருள் முதலா என்கிற வழக்கு அது.

நான் பண்டிதன் இல்லை. பொட்டலில் நின்று பிள்ளைகள் பந்தடிப்பதைப் பார்த்தே வயசானவன். அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிவது, ஒரே பெனால்டிக்குள் இந்த இரண்டு குட்டிகளும் இருக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக. பந்து காலை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் குரங்குப் பிடி வேண்டும். கிளம்பிய பிறகு நம் கையில் ஒன்றும் இல்லை. காற்று இருக்கிறது, கோலியின் நீண்ட கை இருக்கிறது, போஸ்ட்டில் பட்டு உள்ளே திரும்புவதா வெளியே திரும்புவதா என்பது இருக்கிறது. ஆடி மாசம் எங்கள் பக்கம் அடிக்கிற காற்றில் பந்து ஒரு சாண் விலகிப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். பழக வேண்டிய நாளில் சாமி பார்த்துக்கொள்ளும் என்று பூனைக்குட்டியாக இருந்துவிட்டு, பந்து போன பிறகு தலையில் கைவைத்துக் குரங்குப் பிடி பிடிக்கிறார்கள். பேகம்பூர்ப் பையனின் அத்தா ஒருநாள் சொன்னார், அவர்கள் மார்க்கத்தில் தவக்குல் என்பார்களாம். ஒட்டகத்தை முதலில் கட்டிப் போட்டுவிட்டு அப்புறம் இறைவனை நம்பச் சொல்லியிருக்கிறதாம். கட்டாத ஒட்டகத்துக்கு இறைவனைப் பொறுப்பாக்கக் கூடாது என்று அவர் சொன்னது எங்கள் பொட்டலுக்கும் பொருந்தும்.

கட்டுவது எப்படி என்று சொல்கிறேன். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

பந்தைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே எங்கே அடிப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். பந்தைத் தன் கையால்தான் வைக்க வேண்டும். புள்ளியில் கிடக்கிற பொடிக்கல்லை விரலால் தள்ளிவிட்டு, பந்து உருளாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் நடக்கும்போது கோலிக்கு முதுகைக் காட்டித் தப்பி ஓடுகிற மாதிரி போகக் கூடாது. விசில் ஊதியவுடன் ஓடக் கூடாது. மூச்சை ஒருதரம் முழுசாக விட வேண்டும். சீக்கிரம் அடித்துத் தொலைத்தால் போதும் என்று அவசரப்படுகிறவர்கள் அதிகமாகத் தவறவிடுகிறார்கள் என்று நார்வே ஆராய்ச்சியாளர் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் வீடியோக்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், அடிக்கிற திசையைப் பார்த்து விழ வேண்டும். உள்பாதத்தால் அடிக்கும்போது கண் பந்தின்மேல் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் களைத்திருக்கும்போதுதான் இதைப் பழக வைப்பேன். நடுக்கோட்டிலிருந்து தன்னந்தனியாக நடந்து வர வைப்பேன். மற்றவர்கள் கோலுக்குப் பின்னால் நின்று கத்த வேண்டும்.

செம்மண் ஒரு நல்ல வாத்தியார். உதைத்த பிறகு பந்து எங்கே போனது என்று எல்லாரும் பார்ப்பார்கள். நான் குனிந்து ஊன்றுகால் விழுந்த தடத்தைப் பார்ப்பேன். முடிவில் உறுதியாக இருந்த பிள்ளையின் தடம் ஸ்டட் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிற மாதிரி சுத்தமாகப் பதிந்திருக்கும். விரல்முனை இலக்கைக் காட்டும். ஓடி வரும்போது கோலி அசைந்ததைப் பார்த்து, கடைசி எட்டில் மனசை மாற்றிய பிள்ளையின் தடம் குதிகாலில் திருகிப் போயிருக்கும்; பக்கத்தில் மண் சின்னதாகக் குவிந்திருக்கும். அந்தத் திருகலை விரலால் தொட்டுக் காட்டுவேன். “இங்க பாரு தாயி, ரெண்டு எடத்துக்கு அடிக்க நெனச்சிருக்க.” கோல் விழுந்திருந்தாலும் அந்த உதை எனக்குத் தவறிய உதைதான். இலக்கு மாறாமல் போய்க் கோலியின் கையில் சிக்கியதென்றால் அது நல்ல உதை. இந்தக் கணக்குப் புரிவதற்குப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் ஆகும். புரிந்த பிறகு முகத்தில் ஒரு தெளிவு வந்துவிடும்.

வைணவத்தில் சரணாகதி ஒரே முறைதான். ஒருதரம் அடைந்துவிட்டால் மறுபடி மறுபடி செய்வதில்லை. செய்தால் முதலில் செய்ததை நம்பவில்லை என்றாகும். அதன் அங்கங்களில் ஒன்று மகாவிசுவாசம், அசைக்க முடியாத நம்பிக்கை. பெனால்டி அடிக்கிற பிள்ளைக்கு நான் கேட்கச் சொல்கிற வரம் இதுதான்: எடுத்த முடிவில் நிற்கிற மனசு. இந்த வரத்தைக் கோலியும் கேட்கலாம். இரண்டு பேருக்கும் ஒருசேரக் கொடுத்தாலும் யாருக்கும் குறையாது. பெருமாள் யார் பக்கம் என்று கேட்ட பெண்ணுக்கு நான் சொன்ன பதில் இதுதான். இரண்டு பேருமே கேட்டு இரண்டு பேருக்குமே கிடைக்கக்கூடிய ஒன்றைக் கேள், அப்போது அவர் பக்கம் பார்க்க வேண்டியதில்லை.

கோலியின் பக்கம் ஒரு கனமான பாடம் இருக்கிறது. இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கோலிகள் இடமோ வலமோ பாய்ந்திருந்தார்கள். நடுவில் அப்படியே நின்றிருந்தால் தடுக்கிற வாய்ப்பு அதிகம் என்று அந்தக் கணக்கு காட்டியது. பிறகு ஏன் பாய்கிறார்கள்? நின்றபடி கோல் வாங்கினால் சும்மா நின்றான் என்று ஊர் சொல்லும். பாய்ந்து கோல் வாங்கினால் பாவம், முயற்சி பண்ணினான் என்று சொல்லும். ஊர் வாய்க்குப் பயந்து செய்கிற செயல் அது. செயலுக்குள் செயலின்மையையும் செயலின்மைக்குள் செயலையும் காண்கிறவனே அறிவாளி என்ற கருத்தைக் கீதை சொல்கிறது. அசையாமல் நிற்கத் துணிகிற கோலியைப் பார்க்கும்போது அதன் பொருள் எனக்கு விளங்குகிறது. அவள் நிற்பது சோம்பலால் வந்தது இல்லை. தன் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறாள். ஏதாவது செய்தாக வேண்டுமே என்று பதறுகிற நம் வாழ்க்கையில் பாதி, இப்படி ஊருக்காகப் பாய்ந்த பாய்ச்சல்தான்.

ஊர் வாய் என்றதும், இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். வெளியூர் டோர்னமென்ட் ஒன்றில் எங்கள் பெண் ஒருத்தி கடைசி பெனால்டியைத் தவறவிட்டாள். நல்ல உதை. கோலி அதைவிட நன்றாகப் பாய்ந்தாள். ஓரத்தில் நின்ற பெரியவர் ஒருவர், “அந்தப் புள்ள காலே ராசியில்லாத காலு” என்றார். அவள் காதில் அது விழுந்தது. கோல் தவறிய வருத்தம் இரண்டு நாளில் ஆறியது. அந்தச் சொல் ஆறவில்லை. நம் வீடுகளில் பெண் பிள்ளைகளை அந்தச் சொல் ஏற்கெனவே விரட்டுகிறது. அவள் பிறந்த நேரம் அப்பாவுக்கு மில்லில் வேலை போச்சு, அவள் கால் வைத்த நேரம் மாமியார் படுத்துவிட்டாள் என்று. தெய்வத்தின் பெயரைச் சொல்லி, விதியின் பெயரைச் சொல்லி ஒரு குழந்தையின் காலில் பழியைக் கட்டுவதைவிடப் பெரிய நாத்திகம் எனக்குத் தெரியாது.

ராசி என்பது எவ்வளவு பொய் என்பதற்குக் கண்டீரவாவே சாட்சி. அன்றைக்கு நம் உதான்டா சிங்கும் பெனால்டியைத் தவறவிட்டார். இந்தியா ஜெயித்ததால் அவர் காலின் ராசியைப் பற்றி யாரும் பேசவில்லை. குர்பிரீத் கடைசியில் தடுக்காமல் போயிருந்தால் பேசியிருப்பார்கள். உதான்டாவின் உதை அதேதான். மாறுவது இன்னொருவர் செய்த செயல். அடுத்தவர் செயலால் மாறுகிற ஒன்று என் காலில் எப்படி ஒட்டியிருக்க முடியும்?

1994 ஜூலை 17, அமெரிக்காவின் பாசடீனாவில் உலகக் கோப்பை இறுதி. பிரேசிலும் இத்தாலியும் கோலே இல்லாமல் முடித்து டை-பிரேக்கருக்குப் போயின. இத்தாலியின் ஐந்தாவது உதையை ராபர்ட்டோ பாஜ்ஜோ கிராஸ்பாருக்கு மேலே அடித்துவிட்டார். கோப்பை பிரேசிலுக்குப் போனது. அதற்கு முன்பே பரேசி மேலே அடித்திருந்தார், மசாரோவின் உதையைப் பிரேசில் கோலி தஃபரெல் தடுத்திருந்தார். பாஜ்ஜோ போட்டிருந்தாலும் பிரேசிலுக்கு இன்னொரு உதை பாக்கி இருந்தது. அரையிறுதியில் இரண்டு கோலும் போட்டு அணியை இறுதிக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். ஆனால் உலகம் அந்த ஓர் உதையை அவர் முகத்தில் எழுதி வைத்தது.

பாஜ்ஜோ பௌத்தர். கத்தோலிக்க நாடான இத்தாலியில் பிறந்து, 1980-களின் கடைசியில் நிச்சிரென் பௌத்தத்தை ஏற்றுக்கொண்டவர். வினை என்பது எண்ணத்தில் இருக்கிறது என்று புத்தர் போதித்தார். செய்த காரியம் எங்கே போய் விழுந்தது என்பதைவிட, எந்த மனதோடு செய்தோம் என்பதே நம்மோடு வருகிறது. பாஜ்ஜோவுக்குள் என்ன நடந்தது என்று நான் சொல்ல முடியாது. வெளியே நடந்ததைச் சொல்ல முடியும். நான்கு வருஷம் கழித்து 1998 உலகக் கோப்பையில் சிலிக்கு எதிரான முதல் ஆட்டத்தில், இத்தாலி 1-2 என்று பின்தங்கியிருந்தபோது, முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் பெனால்டி கிடைத்தது. பாஜ்ஜோதான் பந்தை வைத்தார். போட்டார். அதே போட்டியின் காலிறுதி டை-பிரேக்கரில் பிரான்சுக்கு எதிராக இத்தாலியின் முதல் உதையும் அவருடையது. அதையும் போட்டார். அன்று இத்தாலி தோற்றது வேறொருவரின் பந்து பாரில் பட்டதால். ராசியில்லாத கால் என்று ஒன்று இருந்தால் இந்த இரண்டையும் எந்தக் கணக்கில் வைப்பது?

இங்கிலாந்தின் கதை ஒரு தேசத்தையே தொட்டது. 1990 முதல் 2012 வரை உலகக் கோப்பையிலும் ஐரோப்பியக் கோப்பையிலும் அவர்கள் டை-பிரேக்கரில் ஆறு முறை வெளியேறினார்கள். அது வெறும் லாட்டரி, அதைப் பழக முடியாது என்று சொல்லிச் சொல்லியே தோற்றார்கள். 1996-இல் தவறவிட்ட கேரத் சவுத்கேட் பின்னால் பயிற்சியாளராக வந்தார். பெனால்டியும் பழகக்கூடிய திறமைதான் என்று பழக்கினார். 2018-இல் கொலம்பியாவை வென்றார்கள்; உலகக் கோப்பையில் டை-பிரேக்கரில் இங்கிலாந்துக்கு அதுதான் முதல் வெற்றி. 2021-இல் இத்தாலியிடம் மறுபடி தோற்றார்கள். கடைசி உதையைத் தவறவிட்ட புக்காயோ சாக்காவுக்கு அப்போது 19 வயசு. அவரையும், தவறவிட்ட மற்ற இரண்டு கறுப்பின வீரர்களையும் நிறம் சொல்லி வசைபாடினார்கள். 2024-இல் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஐந்து உதையும் கோல். அதில் ஒன்று சாக்காவுடையது. பழகியதால் தோல்வி இல்லாமல் போகவில்லை. விதி என்று உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், அவ்வளவுதான். அது போதும்.

வள்ளுவர் ஊழுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். ஒன்றை எழுதும்போது மற்றதை மறந்தவர் இல்லை அவர். ஆள்வினையுடைமையில் வழக்கைத் தீர்த்தே விட்டார் என்று நினைக்கிறேன். நல்லூழ் வாய்க்காதது யாருக்கும் இழுக்கு இல்லை. அறிய வேண்டியதை அறிந்து உழைக்காததே இழுக்கு என்பது அங்கே அவர் சொல்கிற கருத்து. பழி எங்கே சேர வேண்டும், எங்கே சேரக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு எனக்குத் தெரியாது. பந்து எங்கே போனது என்பது ஊழின் பக்கம். ஊன்றுகால் எப்படி விழுந்தது என்பது நம் பக்கம். பலன் நம்முடையது இல்லை என்று ஒப்புக்கொள்கிறவர், பலன் கெட்டதற்கான பழியும் பிள்ளையுடையது இல்லை என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. ஜெயித்தால் சாமி அருள், தோற்றால் உன் ராசி என்பது எந்த மார்க்கத்திலும் இல்லாத கணக்கு.

எங்கள் பொட்டலில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்டவருக்குத்தான் அடுத்த நாள் பயிற்சியில் முதல் உதை. தண்டனையாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. உன் கால் மேல் எங்களுக்குச் சந்தேகம் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்கிற முறை அது. ராசியில்லாத கால் என்று பேச்சு வாங்கிய அந்தப் பெண்ணும் மறுநாள் வந்து முதல் உதையை அடித்தாள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை தவறவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “நெனச்ச எடத்துக்கே அடிச்சியா?” ஆமாம் என்றால் தட்டில் சோற்றைப் போட்டு, நன்றாக அடித்தாய் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லை என்றாலும் அதே சோற்றைப் போடுங்கள், மறுநாள் சாயங்காலம் என்னிடம் அனுப்புங்கள். அது பழகினால் வருகிற விஷயம். ராசி என்கிற சொல்லை மட்டும் அந்தப் பிள்ளையின் காதில் போடாதீர்கள். அதை எடுக்க எந்தப் பயிற்சியாலும் முடியவில்லை.